டிக்கெட் வாங்கக் காசில்லாதவர் பூங்காவுக்கு முதலாளியான கதை

 

கொஞ்சம் நீண்ட பதிவு. வேலைகளை முடித்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 8 வகுப்பில் மணி அடிக்கப் போகிற நேரம் ஒரு பிள்ளை கேட்டான். "சேர், ஜுராசிக் வேர்ல்ட் படத்துல அந்தப் பார்க்குக்கு ஓனரா வாறவர் எங்கட ஆளாமே, உண்மையா?" பக்கத்து மேசைக்காரன், "இல்ல சேர், அவர் இந்தியாக்காரர்" என்றான். பின்னால் இருந்து ஒருவன், "அவர் மௌத்தாகிட்டார்டா" என்றான். மூவரும் சொன்னதிலும் ஏதோ ஓர் உண்மை இருந்தது. பதில் சொல்ல வாயெடுக்கும் முன் மணி அடித்துவிட்டது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம். பிள்ளைகள் இதை வாசிக்கமாட்டார்கள், அவர்களின் வாப்பாமாரும் அப்பாமாரும் வாசிப்பீர்கள் என்று தெரியும்.

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் ஒழுங்கையில் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு டைனோசர் முதலில் வந்தது டெக்கில்தான். தொண்ணூறுகளின் கடைசி. சண்டைக்காலம். பொழுது பட்டால் வீட்டை விட்டு வெளியே போகமுடியாது. பெருநாள், தீபாவளி என்று ஏதாவது வந்தால் ஒரு வீட்டில் டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுப்பார்கள். நாலு படக் கொப்பி வரும். மூன்று தமிழ்ப் படம், கடைசியாக ஒரு இங்கிலிஷ் படம். காசு சேர்த்தவர்கள் உள்ளே பாயில் இருந்து பார்ப்பார்கள். சேர்க்க முடியாத நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்போம். ஜுராசிக் பார்க்கை நாங்கள் முதன்முதலில் பார்த்தது அந்த ஜன்னல் வழியாகத்தான். மழைக்குள் அந்த டீ ரெக்ஸ் வேலியை அறுத்துக்கொண்டு வெளியே வருகிற இடத்தில் கரண்ட் போனது. அதற்குப் பிறகு அந்தக் காருக்குள் இருந்த இரண்டு பிள்ளைகளுக்கும் என்ன நடந்தது என்பது வெகுகாலம் எங்களுக்குத் தெரியாது.

மைக்கல் கிரைட்டன் அந்த நாவலை 1990இல் எழுதினார். பிசினுக்குள் உறைந்துபோன நுளம்பின் வயிற்றில் இருக்கும் இரத்தத்தில் இருந்து டைனோசரை மீண்டும் உருவாக்கலாம் என்ற கற்பனை. ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் அதை 1993இல் படமாக்கினார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தில் டைனோசர்கள் கண்ணுக்குத் தெரிவது மொத்தமாக ஏறத்தாழ 15 நிமிடங்கள்தான். அதிலும் கணினியால் வரைந்தது ஒரு பகுதி மட்டுமே. மிச்சமெல்லாம் ஸ்டான் வின்ஸ்டன் என்ற கலைஞரும் அவரது ஆட்களும் செய்த இயந்திரப் பொம்மைகள். ஆடுகிற கோப்பைத் தண்ணீரையும் சத்தத்தையும் காட்டியே எங்களை ஜன்னலில் உறைய வைத்திருந்தார்கள்.

அந்தப் படம் 1994இல் இந்தியாவில் ஹிந்தி பேசி ஓடியது. ஒரு ஹொலிவூட் படம் ஹிந்தியில் டப் செய்யப்பட்டு நாடு முழுக்கப் பெரும் வெற்றி பெற்றது அதில்தான் ஆரம்பம் என்று சொல்லலாம். பிறகு தமிழில், தெலுங்கில் என்று ஹொலிவூட் படங்கள் வரிசைகட்டி வந்ததற்கு அது ஒரு பாதை வெட்டிக் கொடுத்தது.

அதே காலத்தில் பம்பாயில் இருபத்தாறு, இருபத்தேழு வயதில் ஒரு இளைஞர் தொலைக்காட்சித் தொடர்களில் சின்னச் சின்ன வேடங்கள் செய்துகொண்டிருந்தார். சாஹிப்ஸாதே இர்ஃபான் அலி கான். ராஜஸ்தான்காரர். வாப்பா டயர் வியாபாரம். சின்ன வயதில் கிரிக்கெட் பைத்தியம். இளையோருக்கான சி. கே. நாயுடு கிண்ணப் போட்டிக்குத் தெரிவாகியும் போய்வரக் காசில்லாததால் விட்டுவிட்டார். பிறகு டெல்லியில் தேசிய நாடகப் பள்ளியில் படித்தார். படித்துக்கொண்டிருந்தபோதே மீரா நாயரின் 'சலாம் பொம்பே' படத்தில் ஒரு முக்கிய வேடத்துக்கு எடுத்தார்கள். ஒத்திகையெல்லாம் முடிந்த பிறகு வேடத்தைக் குறைத்து, வீதியோரத்தில் இருந்து பிறருக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பவராக ஒரு சிறு காட்சியில் மட்டும் வரவைத்தார்கள். 1988இல் வந்த படம் அது. இன்றைக்கும் தேடிப் பார்க்கலாம். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடுவார்.

ஜுராசிக் பார்க் வந்தபோது அதற்கு டிக்கெட் வாங்கக் கையில் காசு இருக்கவில்லை என்று பல வருடங்களுக்குப் பிறகு அவரே பேட்டியில் சொன்னார். ஜன்னல் கம்பிக்காரரான எங்களுக்கு அந்த வரியை வாசித்தபோது வந்த நெருக்கத்தைச் சொல்லத் தேவையில்லை.

இனி அந்த நாலாவது படத்துக்கு வருவோம். வரலாறு படிப்பிக்கிறவர்களுக்கு இதில் பிடித்த பகுதி, அது எடுக்கப்படாமலே கிடந்த காலம்தான்.

1997இல் இரண்டாம் பாகம் வந்தது. 2001இல் மூன்றாம் பாகம். அது கதை வசனம் முடியாமலே படப்பிடிப்பைத் தொடங்கிய படம், பார்த்தால் தெரியும். அது வந்த கையோடு நாலாவதுக்குத் திட்டம் போட்டார்கள். 2005இல் வரும் என்றார்கள். வரவில்லை. ஜோன் சேல்ஸ் என்ற நல்ல எழுத்தாளர் ஒருவர் எழுதிய வரைவில், மனித மரபணு கலந்த டைனோசர்களைப் படைவீரர்களாகப் பழக்கி ஏவிவிடுகிறார்கள். ஸ்பீல்பேர்க் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார். நல்ல காலம். 2008இல் ஸ்டான் வின்ஸ்டனும் இறந்தார், அதே வருடம் கிரைட்டனும் இறந்தார். கதை சொன்னவரும் இல்லை, மிருகத்தைச் செய்தவரும் இல்லை. அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

2013இல் கொலின் ட்ரெவரோ என்பவரைக் கூப்பிட்டார்கள். அவர் அதுவரைக்கும் எடுத்து வெளியான கதைப்படம் ஒன்றே ஒன்று. ஒரு மில்லியன் டொலர் கூட ஆகாத சின்னப் படம். அவர் கையில் 150 மில்லியன் டொலர் படத்தைக் கொடுத்தார்கள். ஸ்பீல்பேர்க் அவரிடம் மூன்று விடயம் வேண்டும் என்றாராம். பூங்கா திறந்து ஆட்கள் நிறைந்து ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ராப்டர்களோடு பழகிய ஒரு பயிற்சியாளன் வேண்டும். புதிதாக ஒரு மிருகம் தப்பி வந்து பூங்காவைப் பயமுறுத்த வேண்டும். 2014இல் வரவேண்டிய படத்தை, கதையைத் திருத்துவதற்காக ஒரு வருடம் பிற்போட்டார்கள்.

ட்ரெவரோவின் மனதில் முதலில் வந்த காட்சி ஒன்று உண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீ ரெக்ஸ் நிற்கிறது. இந்தப் பக்கம் ஒரு பெடியன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இதுதான் முழுப் படத்துக்கும் விதை. ஆசிரியர்களுக்கு அந்த முதுகு நன்றாகத் தெரியும். வெளியூர்க்காரர் எங்கள் கோட்டைக்குள் வந்தால் புள்ளிமான்களைக் கண்டு அப்படியே நின்றுவிடுவார்கள், படம் எடுப்பார்கள், கையில் இருப்பதைக் கொடுப்பார்கள். எங்கள் பிள்ளைகள் அந்த மான்களுக்குள் சைக்கிளை வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டு போவார்கள், திரும்பியும் பார்க்கமாட்டார்கள். தினமும் கிடைத்தால் அதிசயமும் மாடு மாதிரித்தான்.

படத்தில் அதுதான் பிரச்சினை. 20,000 பேருக்கு மேல் வந்து நிறைந்திருக்கும் பூங்காவில் டைனோசர் அலுத்துப்போய்விட்டது. ஆகவே புதிதாக, இன்னும் பெரிதாக, இன்னும் பல்லுக் கூடியதாக ஒன்றை ஆய்வுகூடத்தில் கலந்து செய்கிறார்கள். அதற்கு ஒரு தொலைபேசிக் கம்பனி அனுசரணை வேறு. இதில் ஒரு பகிடி இருக்கிறது. அந்தப் படத்தை எடுத்தவர்கள் செய்ததும் அதே வேலைதான். பழைய படம் அலுத்துப்போன சனத்துக்குப் பெரிய மிருகம் ஒன்றைக் காட்டிக் கூட்டம் சேர்த்தார்கள். தங்களைத் தாங்களே நக்கலடித்துக்கொண்டு உழைத்துக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம். அது நேர்மையா, கெட்டித்தனமா என்று எங்களுக்குள் இன்னும் முடியாத வாதம்.

2014 ஏப்ரலில் ஹவாய்த் தீவுகளில் படப்பிடிப்பு தொடங்கியது. பிறகு லூசியானா. பூங்காவின் பிரதான வீதியை எங்கே கட்டினார்கள் தெரியுமா? நியூ ஓர்லியன்ஸ் நகரில் 2005 கத்ரினா புயலில் வெள்ளம் ஏறி, அதற்குப் பிறகு திறக்கப்படாமலே பாழாய்க் கிடந்த உண்மையான பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றின் வளாகத்தில். சனம் வந்து சிரித்துவிட்டுப் போன இடம் ஒரே நாளில் தண்ணீருக்குள் போய், பிறகு புல் முளைத்துக் கிடந்தது. அந்த இடத்தில் ஒரு போலிக் கூட்டத்தை ஓடவிட்டு, வானத்தில் இருந்து பறவைப் பல்லிகள் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி எடுத்தார்கள். 2004 டிசம்பரைப் பார்த்த கரையோரக்காரர் யாருக்கும் அந்த இடத்தைப் பற்றி விளங்கப்படுத்தத் தேவையில்லை.

டிஜிட்டல் காலத்திலும் பிலிம் சுருளில்தான் எடுத்தார்கள். ராப்டர்களுக்கு மனிதர்கள் உடம்பில் கருவி மாட்டி நடித்துக் கொடுத்தார்கள். உண்மையாகச் செய்த மிருகம் என்று பெரிதாக ஒன்றுதான்: செத்துக்கொண்டிருக்கும் அபட்டோசோரஸ் ஒன்றின் தலையும் கழுத்தும். ஸ்டான் வின்ஸ்டனிடம் வேலை பழகியவர்கள் தொடங்கிய நிறுவனம் செய்தது அது. கதாநாயகனும் நாயகியும் அதன் தலையைத் தடவிக்கொண்டிருக்கும்போது அது அடங்கிப்போகும். இரண்டு மணி நேரப் படத்தில் மிருகம் ஒன்றுக்காக மனம் இளகுகிற ஒரே இடம் அதுதான். தொட்டுப் பார்க்க ஒரு பொருள் இருந்ததால்தான் நடிகர்களுக்கும் அது வந்திருக்க வேண்டும்.

இனி முதலாளி.

சைமன் மஸ்ரானி. உலகப் பணக்காரர் வரிசையில் எட்டாவது ஆள். பழைய பூங்காவின் கனவைக் காசு கொடுத்து உயிர்ப்பித்தவர். அந்த வேடத்துக்கு இர்ஃபான் கானைத்தான் ட்ரெவரோ எடுத்தார். 'தி வோரியர்', 'மக்பூல்', 'தி நேம்சேக்', 'ஸ்லம்டோக் மில்லியனர்', 'லைஃப் ஒஃப் பை', 'தி லஞ்ச் பொக்ஸ்' என்று இருபது வருடம் நடந்து வந்து சேர்ந்த இடம் அது. ஹொலிவூட்டில் எங்கள் பக்கத்து முகம் என்றால் என்ன வேடம் வரும்? டாக்ஸி ஓட்டுவார், கடையில் கல்லாவில் இருப்பார், இல்லாவிட்டால் குண்டு வைப்பார். இவரோ சொந்த ஹெலிகொப்டரைத் தானே ஓட்டிக்கொண்டு தீவில் வந்து இறங்குகிறார். இந்தக் காட்சியில் விடுதி அறையே கைதட்டியது. அந்த இடத்துக்குப் பிறகு வருவோம்.

அவர் வந்து இறங்கியதும் முகாமையாளர் இலாபக் கணக்குச் சொல்லத் தொடங்குகிறார். மஸ்ரானியோ, வந்தவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா, மிருகங்கள் சந்தோஷமாக இருக்கின்றனவா என்று கேட்கிறார். மனிதன் எவ்வளவு சிறியவன் என்பதை ஞாபகப்படுத்தத்தான் இந்தப் பூங்கா என்கிறார். அந்தச் சாதாரண வசனத்தை இர்ஃபான் கான் சொல்லும் விதத்தில் தொழுகைவிட்டு எழும்பி வந்த ஒரு மனிதரின் அமைதி இருக்கும். வேறு யாரும் சொல்லியிருந்தால் விளம்பரம் மாதிரிப் போயிருக்கும்.

ஆனால் "எங்கட ஆள்" என்று மார்தட்டும் தம்பிமாருக்கு ஒன்று சொல்லவேண்டும். முதலாவது, அந்தப் பாத்திரம் எந்த மார்க்கத்தைச் சேர்ந்தவர் என்று படம் ஓர் இடத்திலும் சொல்லவில்லை. பட விளம்பரத்துக்காக வெளியிட்ட கற்பனைக் கம்பனி வரலாற்றில் அவருடைய தந்தையின் பெயர் சஞ்சய். நடித்தவர் முஸ்லிம், பாத்திரம் ஓர் ஆசியப் பணக்காரர், அவ்வளவுதான். இரண்டாவது, அந்த மனிதர் நல்லவர் என்றாலும் குற்றமற்றவர் இல்லை. இன்னும் பெரிதாக, இன்னும் பயங்கரமாக ஒன்று வேண்டும் என்று எழுத்தில் கேட்டவர் அவர்தான். ஆய்வுகூடத்தில் என்ன மரபணுவைக் கலந்தீர்கள் என்று கேட்காமலே காசு கொடுத்தவரும் அவர்தான். மிருகம் தப்பியதும் உடனே கொல்ல விடாமல், அதில் 26 மில்லியன் டொலர் போட்டிருக்கிறோம் என்று சொல்லிக் காவலாளிகளை உயிர் போக்காத ஆயுதங்களோடு அனுப்பினவரும் அவர்தான். அவர்கள் செத்தார்கள். நல்ல மனம், கேட்காத கேள்வி, வீணாய்ப் போன உயிர். எங்கள் ஊர்ச் சங்கங்களிலும் சபைகளிலும் இருந்தவர்களுக்கு இப்படியான தலைவர்களைத் தெரிந்திருக்கும். கெட்டவர்களை விட இவர்களைப் பற்றிப் பேசுவதுதான் கஷ்டம்.

கடைசியில் வேறு ஓட்டுநர் கிடைக்காமல், உரிமமும் முழுதாக இல்லாத அவரே ஹெலிகொப்டரை எடுத்துக்கொண்டு அந்த மிருகத்தைத் துரத்திப் போகிறார். அது பறவைப் பல்லிகளின் கூண்டை உடைக்கிறது. அவை கலைந்து வந்து ஹெலிகொப்டரை வீழ்த்துகின்றன. படம் பாதி தாண்டியதும் முதலாளி முடிந்தார். இதைப் பார்த்து, எப்போதும் போல வெள்ளைக்காரனைக் காப்பாற்றிவிட்டு ஆசியக்காரனைக் கொன்றுவிட்டார்கள் என்று அப்போதே பலர் கோபப்பட்டார்கள். கோபத்தில் நியாயம் உண்டு. எங்களுக்கு மட்டும் வேறு மாதிரிப் படுகிறது. அந்தப் படத்தில் தான் செய்த பிழைக்குத் தானே விலை கொடுக்கப் போன ஆள் அவர் ஒருவர்தான். மரபணுவைக் கலந்த விஞ்ஞானி ஹென்றி வூ கருக்களைக் கட்டிக்கொண்டு வேறு ஹெலிகொப்டரில் போய்விட்டார். அவர்தான் முதல் படத்தில் இருந்து இந்தப் படத்துக்கு வந்த ஒரே மனிதப் பாத்திரம் என்பதையும் கவனியுங்கள்.

2015 ஜூன் 12. படம் அமெரிக்காவில் வெளியானது. முதல் மூன்று நாளில் அங்கே மட்டும் 208 மில்லியன் டொலருக்கு மேல். உலகம் முழுக்க முதல் வார இறுதியில் 500 மில்லியன் டொலரைத் தாண்டிய முதல் படம் அதுதான். கடைசிக் கணக்கு 1.6 பில்லியனுக்கும் மேல். பதினான்கு வருடம் யாரும் எடுக்கத் துணியாமல் கிடந்த படம், உலகத்தில் அதுவரை அதிகம் வசூலித்த படங்களில் மூன்றாவதாக வந்து நின்றது. இந்தியாவில் ஆங்கிலம், ஹிந்தி, தமிழ், தெலுங்கு நான்கிலும் வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் இர்ஃபான் கானின் 'பிக்கு' வந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரே கோடையில் ஒரு வாடகைக் கார்க் கம்பனிக்காரராகவும் டைனோசர் முதலாளியாகவும் இரண்டு திரையில்.

எங்களுக்கு அந்தத் திகதி வேறு வகையில் ஞாபகம். படம் வந்து ஒரு கிழமைக்குள் நோன்பு பிடித்துவிட்டது. அப்போது நாங்கள் கல்வியியற் கல்லூரி விடுதியில். பெருநாள் கழிந்து வந்த பிறகுதான் ஒருவன் தமிழ் டப்பிங் கொப்பியை பென்னில் போட்டுக் கொண்டுவந்தான். ஒரு மடிக்கணினி, பதினான்கு பேர். முன்னால் தலை மறைக்கிறது என்று சண்டை. டைனோசர்க்காரர் எல்லோரும் தமிழ்நாட்டுப் பேச்சில் பேசினார்கள். இர்ஃபான் கானுக்கு யாரோ கொடுத்த கனத்த குரல் அவருடைய குரலுக்குக் கிட்டவும் நிற்கவில்லை. ஆனாலும் அந்த ஹெலிகொப்டர் இறங்கியபோது கைதட்டினோம்.

விமர்சனங்கள் பலவிதம். கதை பழையதுதான், பார்க்க நன்றாக இருக்கிறது என்றார்கள் பெரும்பாலானோர். படம் வருவதற்கு முன்னரே, ஒரு சிறு காட்சித் துண்டைப் பார்த்துவிட்டு, பெண்ணை விறைப்பானவளாகவும் ஆணை உயிர்ப்பானவனாகவும் காட்டுவது எழுபதுகளின் பழக்கம் என்று ஜோஸ் வெடன் என்ற இயக்குநர் வெளிப்படையாகச் சாடினார். நாயகி குதி உயர்ந்த சப்பாத்தோடு காடு முழுக்க ஓடுவதை உலகமே சிரித்தது. எங்கள் விடுதியிலும் அதற்குத்தான் பெரிய சிரிப்பு. அடுத்த பாகத்தில் அவளுக்குச் சப்பாத்தை மாற்றிக் கொடுத்தார்கள்.

தொல்லுயிர் ஆய்வாளர்களின் கோபம் வேறு. இந்த மிருகங்களுக்கு ஏன் இறகு இல்லை? 1996இல் சீனாவில் இறகுத் தடத்தோடு ஒரு சிறு டைனோசர்ப் படிமம் கிடைத்ததில் இருந்து, ராப்டர் வகை மிருகங்கள் பெரும் பல்லியை விடப் பறவைக்குத்தான் கிட்ட என்பது உறுதியாகிக்கொண்டே வந்தது. 1993இல் தெரியாதது சரி. 2015இல் தெரியாதென்று சொல்லமுடியாது. படம் தந்திரமாக ஒரு பதில் வைத்திருந்தது. இங்கே எதுவுமே உண்மையான டைனோசர் இல்லை, மரபணு ஓட்டைகளை வேறு மிருகங்களால் அடைத்துச் செய்தவை, சனம் எதிர்பார்த்த உருவத்தில் கொடுத்தோம் என்று ஹென்றி வூ முதலாளியிடமே சொல்லிவிடுகிறார். விஞ்ஞானப் பாடத்துக்கு இந்தப் படத்தைக் காட்டுகிற ஆசிரியர்கள் அந்த வசனத்தில் நிறுத்திப் பேசினால் நல்லது.

பிள்ளைகள் கேட்கிற அடுத்த கேள்விக்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறோம். எங்கட நாட்டில் டைனோசர் இருந்ததா? புத்தளம் பக்கம் தப்போவ, ஆண்டிகமப் பகுதிகளில் ஜுராசிக் காலத்துப் பாறைகள் இருக்கின்றன. அவற்றில் கிடைத்து ஆராயப்பட்டவை செடிகொடிகளின் படிமங்கள். கடலுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் அரியலூர்ப் பக்கம் கல்லமேடு என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987இல் 'புருஹத்காயோசோரஸ்' என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள். பெருத்த உடம்புப் பல்லி என்று அர்த்தம். அளவை வைத்துப் பார்த்தால் உலகத்தில் நடந்த மிகப்பெரிய மிருகங்களில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அந்த எலும்புகள் மழையிலும் ஈரத்திலும் உதிர்ந்து போய்விட்டன. ஹொலிவூட்டில் இல்லாத ஒரு பெரிய மிருகத்தைக் கோடிக்கணக்கில் கொட்டிக் கணினியில் செய்தார்கள். தமிழ் மண்ணில் உண்மையாகவே கிடைத்ததைப் பாதுகாக்க முடியாமல் போனது. இதைச் சொன்னால் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். அடுத்த நிமிடம், "சேர், அப்ப அது டீ ரெக்ஸை அடிக்குமா?" என்பான் ஒருவன்.

இர்ஃபான் கானின் பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க விமான நிலையங்களில் அவரைப் பிடித்து நிறுத்தி விசாரித்தது ஒருமுறை அல்ல. படம் உலகம் முழுக்கப் பேர் வாங்கிக் கொடுத்த காலத்திலேயே அவர் தன் பெயரில் இருந்து கானைக் கழற்றி வைத்தார். விமான நிலையத்துக்காக அல்ல. பரம்பரையைச் சொல்லாமல் வேலையைச் சொல்லி அறியப்படவேண்டும் என்று. கொழும்புக்குப் பஸ்ஸில் போகும்போது சோதனைச் சாவடியில் இறங்கி நின்ற எங்கள் ஊர்ச் சனம், தமிழர் என்ன, முஸ்லிம் என்ன, பெயரின் பாரம் தெரிந்த சனம். கழற்றவும் முடிவதில்லை, வைத்திருக்கவும் சில நேரம் பயம்.

2018 மார்ச்சில் தனக்கு அரிய வகைக் கட்டி ஒன்று இருப்பதாக அவர் அறிவித்தார். இங்கிலாந்தில் சிகிச்சை. திரும்பி வந்து கடைசிப் படத்தை முடித்தார். 2020 மார்ச்சில் அது திரைக்கு வந்த கையோடு கொரோனாவால் தியேட்டர்கள் மூடப்பட்டன. ஏப்ரல் 25இல் ஜெய்ப்பூரில் அவருடைய உம்மா மௌத்தானார். நாடு பூட்டிக் கிடந்தது. மகனால் ஜனாஸாவுக்குப் போக முடியவில்லை. நாலு நாள் கழித்து, 29ஆம் திகதி, மும்பையில் மகனும் போய்ச் சேர்ந்தார். வயது 53.

நோன்பு தொடங்கி ஐந்தாறு நாள். இங்கே ஊரடங்கு. பள்ளிவாசல் பூட்டு. தராவீஹ் வீட்டிலேயே. அன்றிரவு தொழுதுவிட்டு இருந்தபோது போனில் அந்தப் படம் வந்தது. வெர்சோவா மையவாடி. இரண்டு மகன்மாரும் நெருங்கிய சிலரும் மட்டும். முகக்கவசம் போட்ட ஒரு சிறு கூட்டம் சந்தூக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறது. உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு மனிதருக்கு இத்தனை பேர்தானா என்று மற்றவர்கள் எழுதினார்கள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. மூத்தம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அடக்கிட்டாங்கதானே" என்று மட்டும் கேட்டா.

ஏனென்றால் அந்த மாதம் 11ஆம் திகதிதான் எங்கள் நாட்டில், கொரோனாவால் இறந்தவர்களை எரிக்கவேண்டும் என்று வர்த்தமானி வந்திருந்தது. அதற்கு முன்னரே, மார்ச் முடிவில், எங்கள் சமூகத்தின் முதல் ஜனாஸா நெருப்புக்குள் போயிருந்தது. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. 2021 பெப்ரவரி கடைசியில்தான் மாற்றினார்கள். அப்போதும் தங்கள் ஊரில் அல்ல. எங்கிருந்தாலும் ஓட்டமாவடி மஜ்மா நகருக்குக் கொண்டுபோய்த்தான். அந்த ஏப்ரலில் எங்களுக்கு அதெல்லாம் எப்போது முடியும் என்று தெரியாது. காய்ச்சல் வந்தால் வெளியே சொல்லப் பயந்த நாட்கள். ஒரு சினிமா நடிகருடைய கப்றைப் பார்த்து, அவர் கொரோனாவில் மௌத்தாகவில்லை என்று தெரிந்தும், நாங்கள் பொறாமைப்பட்டோம். நோன்பு மாதத்தில் இப்படி ஒரு பொறாமை வந்ததே என்று வெட்கப்பட்டு அன்றைக்கு இஸ்திஃபார் செய்ததும் உண்டு.

அந்த நோன்புக்குப் பிறகு, வீட்டில் பிள்ளைகள் கேட்டதற்காக ஜுராசிக் வேர்ல்டை மீண்டும் போட்டோம். மஸ்ரானி ஹெலிகொப்டரில் ஏறுகிற காட்சி வந்ததும் தம்பியின் மகள் கையில் இருந்த ரிமோட்டால் நிறுத்திவிட்டாள். "இதுக்குப் பிறகு பாக்கமாட்டன் மாமா" என்றாள். பிறகு ஒரு யோசனை வந்து, அந்த இடத்தைத் தள்ளிவிட்டு மிச்சத்தைப் பார்த்தாள். அவளைப் பொறுத்தவரை முதலாளி இன்னும் அந்தத் தீவில் எங்கேயோ ஹெலிகொப்டர் ஓட்டப் பழகிக்கொண்டிருக்கிறார்.

தொடர் நிற்கவில்லை. 2018, 2022, பிறகு 2025 என்று வந்துகொண்டே இருக்கிறது. எங்கள் மாணவர்கள் கடைசியாக வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பின்னோக்கிப் போய் அந்த முதலாளியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இப்போது உங்களிடம் ஓர் உதவி. தொண்ணூறுகளில் திருகோணமலையில் ஜுராசிக் பார்க்கையோ அதன் இரண்டாம் பாகத்தையோ தியேட்டரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கொமென்டில் எழுதுங்கள். எந்தத் தியேட்டர், எந்த வருடம், கலரி டிக்கெட் எவ்வளவு, இடையில் கரண்ட் போனதா. டெக் வாடகைக்குக் கொடுத்த காக்காமார், அண்ணன்மார் இருந்தாலும் எழுதுங்கள். ஒரு இரவுக்கு எவ்வளவு எடுத்தீர்கள் என்று. பிள்ளைகளுக்குக் காட்ட பழைய டிக்கெட் துண்டு, நோட்டீஸ் ஏதும் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். தப்போவப் பக்கம் சொந்தக்காரர் இருப்பவர்கள் அந்தப் பாறைகளின் படம் ஒன்று எடுத்துத் தந்தால் அதையும் வகுப்பில் வைப்போம்.